அரையிலேயே நிற்கும் முள்

வெள்ளிக்கிழமை காலை, மகள் தோள்பையை இறக்குவதற்கு முன்பே அம்மா நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்.

“இந்த நெட்டைச் சரி பண்ணிக் கொடு. வாரத்துக்கு ரெண்டு தடவை உன் மூஞ்சியைப் பாத்துப் பேசிக்கிட்டு நான் பாட்டுக்கு இங்க இருந்துக்கறேன். சரியாகலைன்னா ஞாயித்துக்கிழமை உன்கூட பஸ் ஏறறேன். ரெண்டுல ஒண்ணு. நடுவுல அழுகை, கெஞ்சல் எதுவும் கிடையாது.”

“முதல்ல தண்ணி கொடும்மா” என்றாள் மகள்.

பதினொரு மணி நேரப் பயணம். அப்பா போன ஆறு வாரத்தில் இது நான்காவது. முதல் முறை வந்தபோது இருந்த அழுகைகூட இப்போது இல்லை. அசதி மட்டும் மிச்சம். தூங்கி எழுந்தாலும் அது கூடவே எழுந்து வந்தது. அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டால் பாதி இறங்கும் என்று நினைத்தாள். இந்த வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அம்மாவின் இடது முழங்கால் ஒவ்வொரு படியிலும் பேசும். குளியலறையில் வழுக்கி விழுந்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. ஞாயிறு மாலை ஆறு மணி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அவள் நெட்வொர்க் பொறியாளர். நானூற்றுப் பன்னிரண்டு கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்தில், எந்தக் கிளையில் இணைப்பு படுத்தாலும் முதலில் அடிப்பது அவளுடைய போன்தான். சொந்த வீட்டு நெட் மட்டும் நான்கு வருடமாக நொண்டிக்கொண்டிருந்தது. ஞாயிறுதோறும் அப்பா போனில் வீடியோ போட்டுக் கூப்பிடுவார். ஒரு நிமிடத்துக்குள் அவர் முகம் கட்டம் கட்டமாக உடையும். வாய் திறந்தபடி நிற்கும். பிறகு குரல் மட்டும் வரும். “நெட்டு ஸ்லோவா இருக்கும்மா.” “ரூட்டரை அணைச்சுப் போடுங்கப்பா.” “போட்டாச்சு.” “சரி, வந்தா பாக்கறேன்.” வந்தபோதெல்லாம் தன் போனைத்தான் எடுத்துப் பார்த்தாள். அது நன்றாக ஓடியது. “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அப்பா நகரத்து நீரேற்று நிலையத்தில் முப்பத்தொரு வருடம் பம்ப் ஆபரேட்டர். நான்கு மோட்டார்கள் ஆற்றுத் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும். மணிக்கு ஒரு முறை அழுத்தம், ஓட்டம், மோட்டார் சூடு மூன்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. மற்ற ஆபரேட்டர்கள் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிவிட்டுக் காலை நீட்டுவார்கள். அப்பா ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போய், மூக்குக் கண்ணாடியை மானிமுள்ளுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார். அதனால் நிலையத்தில் அவருக்கு ‘மணிக்கொருதரம்’ என்று பேர். ஓய்வு பெற்ற பிறகும் பழைய ஆட்கள் வாசலில் நின்று, “மணிக்கொருதரம் இருக்காரா?” என்றுதான் கேட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஃபோர்மேன் பழக்க தோஷத்தில் அப்படியே கேட்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார்.

ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் எந்தப் பொருள் மாற்றினாலும் தேதி எழுதினார். பல்பின் கழுத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு தேதி. குழாய் வாஷரை மாற்றினால் குழாய்க்குப் பின்னால் ஒரு துண்டுக் காகிதம். மாத்திரை அட்டையில், துடைப்பக் கட்டையில், அம்மாவின் புதுச் செருப்பின் அடியில். “என் முதுகுலயும் ஒரு தேதி எழுதிடுங்க, எப்ப வாங்கினதுன்னு தெரிஞ்சுக்கலாம்” என்று அம்மா சொல்வாள். “அது ஞாபகம் இருக்கு” என்பார்.

மருந்துக் கடை வரிசையில் நின்றபடியே சரிந்தார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்களாம். மகள் அப்போது சர்வர் அறைக்குள் இருந்தாள். உள்ளே போன் எடுத்துப் போகக் கூடாது. வெளியே வந்து லாக்கரைத் திறந்தபோது பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன.

இப்போது அந்த அப்பாவின் போனைத்தான் அம்மா வைத்திருந்தாள். அதுவரை அம்மாவிடம் இருந்தது பட்டன் போன்.

“வேலையை ஆரம்பிக்கறியா, இல்ல தூங்கப் போறியா?”

“ஆரம்பிக்கறேன்.”

ரூட்டர் கூடத்தில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு பலகையில் இருந்தது. அவளே வாங்கி மாட்டியது. நான்கு வருடத்துக்கு முன் ஊர் மொத்தமும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, எட்டு மாதம் அவள் இந்த வீட்டின் பின்னறையிலிருந்துதான் வேலை பார்த்தாள். அதைக் கையில் எடுத்துத் திருப்பினாள். அடியில் அப்பாவின் எழுத்தில் மாட்டிய தேதி. அதைப் பார்க்காததுபோல் மறுபடி திருப்பி வைத்தாள்.

வெளியிலிருந்து வரும் கேபிளை லேப்டாப்பில் நேராகச் செருகிப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு எம்பி. காசு கட்டுவது நூறுக்கு, குறை சொல்ல முடியாது. ரூட்டர் வழியாக, வைஃபையில்: எண்பத்தொன்று. அப்பாவின் போனை எடுத்து, அதில் அவர் போட்டு வைத்திருந்த வேகம் பார்க்கும் ஆப்பைத் திறந்தாள். வட்டமான மானி, அதில் ஒரு முள். அவருக்கு அந்த ஆப் பிடித்திருக்கும், முள் இருந்ததே. முள் லேசாகத் துடித்து, அரை எம்பியில் போய் நின்றது.

மறுபடி அழுத்தினாள். அரை. சமையலறைக்குப் போய் அழுத்தினாள். அரை. ரூட்டருக்கு ஒரு முழம் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். அரை.

“இந்த போன் பழசும்மா. உள்ள வைஃபை போயிருக்கும். புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“இதுல எல்லாம் அவர் வெச்ச இடத்துல இருக்கு. உன் நம்பர் மேல இடது பக்கம். டாக்டர் கீழ. புதுசுல நான் எங்கன்னு தேடுவேன்?”

“அதே இடத்துல வெச்சுத் தரேன்.”

“நீ வெச்சா அது நீ வெச்ச இடம்” என்றாள் அம்மா. பேச்சு அத்தோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் அதில் போயிற்று. ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, அலைவரிசையை மாற்றினாள். பக்கத்து வீடுகளின் வைஃபை எதெல்லாம் குறுக்கே வருகிறது என்று பட்டியல் எடுத்தாள். ரூட்டருக்குப் புது மென்பொருள் ஏற்றினாள். வைஃபை பேரையும் கடவுச்சொல்லையும் மாற்றி, போனைப் புதிதாகச் சேர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆப்பை அழுத்தினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“அரைதான்.”

“தெரியுது.”

“இல்ல, உனக்குக் கண்ணு தெரியலையோன்னு சொன்னேன்.”

இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துக்குச் சொல்லி, சனிக்கிழமை பதினோரு மணிக்கு நெட்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் கருவிப் பை, மூன்று மாடி ஏறிய மூச்சு. வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“தம்பி, தண்ணி?”

“குடுங்கம்மா. காலையிலேர்ந்து நான் ஏறின மாடிவீட்டுல இது மூணாவது. ஸ்லோவா இருக்கறவங்க எல்லாம் மேல்மாடியிலயே குடியிருக்காங்க.”

கேபிளைக் கழற்றித் தன் கருவியில் மாட்டினார். தொண்ணூற்று நான்கு. வைஃபை பார்த்தார். எண்பது. அப்பாவின் போனைப் பார்த்தார். அரை. உதட்டைப் பிதுக்கினார்.

“போன்தான் மேடம்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். இருங்க” என்றவள், தன் போனின் டேட்டாவைப் பகிர்ந்து அதில் அப்பாவின் போனைச் சேர்த்தாள். முள் எழுந்து போய் நாற்பதைத் தொட்டது. அந்தக் கிழட்டு போன் அப்படி ஓடும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப லைனும் நல்லாருக்கு, ரூட்டரும் நல்லாருக்கு, போனும் நல்லாருக்கு” என்றார் நெட்காரர். “மூணு பேரும் நல்லவங்க. சேர்ந்தா மட்டும் ஒத்துக்கல. எங்க வீட்டு மாதிரி.”

அம்மா சிரித்தாள். ஆறு வாரத்தில் அவள் சிரித்து மகள் பார்த்தது அதுதான்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா மேடம்? பின்னால ஓட்டையில ஊசியை விட்டு அழுத்தினா பத்து நிமிஷம். வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துதோ அப்படி ஆயிடும்.”

“வேண்டாம். காரணம் தெரியாம அழிக்கக் கூடாது.”

அது அவள் அலுவலகத்துப் பழக்கம். பழுது வந்தால் அங்கே முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: கடைசியாக உள்ளே கை வைத்தது யார்? அதற்கு விடை தெரியாமல் அழித்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று எழுதுகிறவர்களை அவள் மதிப்பதில்லை. ஆனால் இந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? ரூட்டருக்குள் போகத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் கிடையாது. கணக்கில் அவள் தன்னைச் சேர்க்கவில்லை.

நெட்காரர் ஒரு தாளை நீட்டினார். “எங்க பக்கம் தப்பில்லைன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. கோச்சுக்காதீங்க. நான் வந்து பாத்தேங்கறதுக்கு ஆபீஸ்ல இதான் சாட்சி.”

அவர் இறங்கிப் போன பிறகு அம்மா கதவைச் சாத்தினாள்.

“எல்லாரும் எங்க பக்கம் தப்பில்லைன்னுதான் எழுதி வாங்கறாங்க. உங்கப்பா ஒருத்தர்தான் தலைகீழ்.”

“என்ன?”

“உனக்கு அப்ப ஏழு வயசு, ஞாபகம் இருக்காது. மேட்டுத் தெரு எல்லாம் பதினோரு நாள் சரியா தண்ணி ஏறல. நாலு இடத்துல ரோட்டைத் தோண்டிட்டாங்க, குழாய் உடைஞ்சிருக்குன்னு. இவர் பதிவேட்டை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தார். அளவு பதினோரு நாளும் ஒரே மாதிரி இருக்கு, உடைஞ்ச குழாய்னா ஏறி இறங்கும், இது எங்கயோ வால்வைப் பாதி மூடி வெச்சிருக்குன்னார். டார்ச் எடுத்துக்கிட்டு ஒவ்வொரு குழியா இறங்கிப் பாத்தா, ஒரு வால்வு பாதி மூடியிருக்கு. யார் மூடினதுங்கறே?”

மகள் நெட்காரர் கழற்றிய கேபிளை ரூட்டரில் திரும்பச் செருகினாள்.

“இவரேதான். ஏதோ ரிப்பேருக்கு மூடினவர் திறக்க மறந்துட்டார். கூட யாரும் இல்ல. சத்தமில்லாம திறந்துட்டு வந்திருந்தா ஒரு ஈ காக்காய்க்குத் தெரிஞ்சிருக்காது. இவர் வந்து பதிவேட்டுல, ‘நானே மூடினேன், திறக்க மறந்துவிட்டேன்’னு தேதி, நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டு வெச்சார். மூணு வருஷம் பதவி உயர்வு கிடையாது. ஏன் எழுதினீங்கன்னு நான் சண்டை பிடிச்சேன். நடந்ததை எழுதற புஸ்தகம் அது, வேற என்னத்தை எழுதறதுன்னார். அதுக்கு மேல என்ன சண்டை போடறது?”

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். மகளுக்கு அந்தக் கதையை முழுக்கக் கேட்கும் தெம்புகூட இல்லை. ரூட்டரின் விளக்குகளைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் கையை விரித்துவிட்டாள்.

“முடியலம்மா.”

அம்மா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “நானூறு ஆபீசுக்கு நெட்டு குடுக்கறவ.”

“ஆமா.”

“சரி. பேச்சுன்னா பேச்சு. பழுப்புப் பெட்டியை இறக்கு. பரண்ல இருக்கு.”

மகள் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். கனமாக இல்லை. அம்மா நான்கு புடவையை மடித்து வைத்தாள், ஐந்தாவதை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். கட்டில் பக்கம் அப்பாவின் மூக்குக் கண்ணாடி, கோர்த்த நூலோடு கிடந்தது. அதை எடுத்துப் புடவைகளுக்கு நடுவில் செருகினாள். பிறகு கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு நீள நோட்டை எடுத்தாள்.

“இதையும் வெக்கணுமா, இல்ல அந்த ஊர்ல நெட்டு நல்லாத்தான் இருக்குமா?”

“என்ன அது?”

“நெட்டு நோட்டு. ஞாயித்துக்கிழமை தவறாம எழுதுவார். அவர் போனதுக்கப்புறம் நான் எழுதறேன். விட்டுப் போகக் கூடாதுன்னுதான்.”

இருநூறு பக்க நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது, நீரேற்று நிலையப் பதிவேடு மாதிரியே. தேதி, நேரம், அளவு, எடுத்த நடவடிக்கை, கையொப்பம். அளவு என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண். அரை, அரை, அரை. மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

ரூட்டர் அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடப்பட்டது.

மகள் சொன்னபடி ரூட்டர் அலமாரி மேல் மாற்றப்பட்டது.

மகள் சொன்னபடி ரூட்டர் பழைய இடத்துக்கே மாற்றப்பட்டது.

மகள் சொன்னபடி போன் அணைத்துப் போடப்பட்டது.

மகள் வேலையாக இருந்ததால் கேட்கவில்லை.

அந்தக் கடைசி வரி பல பக்கங்களில் வந்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு முழு வாக்கியமும் எழுதாமல், ‘மேற்படி’ என்று மட்டும் போட்டிருந்தார்.

இரண்டாம் வருடத்தில் ஒரு பக்கம். கட்டத்துக்குக் கீழே ‘குறிப்பு’ என்று கோடிட்டு எழுதியிருந்தார்:

அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மழையிலும் இதே, வெயிலிலும் இதே. கசிவு அல்ல. அடைப்பும் அல்ல. எங்கோ வால்வு பாதி மூடியிருக்கிறது. மகளிடம் கேட்கலாம்.

அடுத்த ஞாயிறு:

கேட்டேன். இது தண்ணீர் இல்லை அப்பா என்று சிரித்தாள்.

கையொப்பம். தேதி. மாலை ஐந்து பத்து.

அவளுக்கு அந்த அழைப்பு ஞாபகம் இருந்தது. துணி மடித்துக்கொண்டே பேசினாள். “எங்கயாவது வால்வு பாதி மூடியிருக்குமாம்மா?” என்று அவர் கேட்டார், தயங்கித் தயங்கி, பெரிய ஆபீசரிடம் கேட்கிற மாதிரி. அவள் சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார்.

நோட்டை மூடாமல் எழுந்து கூடத்துக்கு வந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். கை தானாகப் போயிற்று. முதன்மைப் பக்கம், அதற்குள் கூடுதல் அமைப்புகள், அதற்குள் கட்டுப்பாடு, அதற்குள் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வேக வரம்பு. இரண்டு நாளாக அவள் எட்டிக்கூடப் பார்க்காத பக்கம். வீட்டில் இதைத் தொடத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

ஒரே ஒரு வரி இருந்தது. கருவி: அப்பா போன். வரம்பு: அரை எம்பி. நிலை: இயங்குகிறது. பக்கத்தில் போட்ட தேதி, நான்கு வருடத்துக்கு முந்தையது. பகல் பதினொன்று நாற்பத்திரண்டு.

அது எந்த நாள் என்றும் தெரிந்தது. பின்னறையில் அவள் பெரிய மேலாளர் முன்னால் பேசிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பா ஏதோ பழைய மோட்டார் பழுது பார்க்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். இவளுடைய குரல் அறுந்தது. ‘கேக்கல, கேக்கல’ என்று எதிர்முனையில் இரண்டு தடவை சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் வெளியே வந்து அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசவில்லை. அவருக்கு வலிக்கும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். உள்ளே போய் இந்தப் பக்கத்தைத் திறந்து, இருப்பதிலேயே குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்து, சேமி என்று அழுத்தினாள். ஒரு நிமிட வேலை. சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் ஞாயிறுகள் அவர் ரூட்டரை அணைத்துப் போட்டார். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் இந்த வரி அழியாது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

உள்ளே அம்மா பெட்டியின் பூட்டோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது.

மணி மூன்று இருபது. பஸ் ஆறு மணிக்கு. பையில் இரண்டு டிக்கெட் இருந்தது. இந்தப் பக்கத்தை மூடிவிட்டால் போதும். அம்மா வந்துவிடுவாள். வழுக்குகிற குளியலறை இல்லை, மூன்று மாடி இல்லை, நடுராத்திரியில் போனைப் பார்த்துப் பார்த்துப் படுக்க வேண்டியதில்லை. யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அவள் மிகவும் களைத்திருந்தாள். விரல் மூடு என்கிற இடத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

“இந்தப் பூட்டு ஏற மாட்டேங்குது. இதுல எங்கயாவது தேதி போட்டிருக்காரா பாரு, எந்தக் காலத்துது இதுன்னு” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

மகள் அந்த வரியை அழித்தாள். சேமித்தாள். அப்பாவின் போனை எடுத்து ஆப்பை அழுத்தினாள். முள் எழுந்தது. பத்து, முப்பது, ஐம்பது. அறுபத்தெட்டில் நின்று ஆடியது. ஆடுகிற முள்ளை அந்த போனில் அவர் பார்த்ததே இல்லை.

போனை அம்மாவின் கையில் கொடுத்தாள். “இதை வெச்சுக்கிட்டு இங்கயே உக்காரு. பின்னறையிலிருந்து கூப்பிடறேன்.”

“எதுக்கு? பெட்டி கட்டியாச்சே.”

“உக்காரும்மா.”

பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். திரையில் அம்மாவின் முகம் வந்தது. முதலில் நெற்றி மட்டும், பிறகு முழுதும். உடையவில்லை. நிற்கவில்லை. கன்னத்தில் இருந்த மருவின் மேல் ஒரு நரை முடிகூடத் தெரிந்தது. பின்னால் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஓடியது.

அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“கண்ணுக்குக் கீழ என்ன அவ்வளவு கறுப்பு? ரெண்டு நாளா இங்கதான் இருக்கே, எனக்குத் தெரியல.”

“தூக்கம் இல்ல.”

“அழறியா?”

“இல்ல.”

“தெளிவாத் தெரியுது. பொய் சொல்லாத.”

மகள் அழைப்பைத் துண்டித்துவிட்டு வெளியே வந்தாள். நோட்டை எடுத்து வந்து அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“நெட்டு சரியாயிடுச்சு.”

“அதான் பாத்தேனே. என்ன கோளாறு?”

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. எந்த நாள், எதற்காக, என்ன அழுத்தினாள், எடுக்க மறந்தது, வால்வு என்று அவர் கேட்டபோது சிரித்தது, எல்லாம். ஐந்தாறு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நான்கு வருடம் அவ்வளவுதான் நீளம்.

அம்மா மடியில் இருந்த போனைத் தடவிக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் யாரோ கடையின் இரும்புக் கதவை இழுத்துத் திறந்தார்கள்.

“அவர்கிட்ட சொல்லியிருந்தா ஒரு வாரம் சிரிச்சிருப்பார்” என்றாள் கடைசியில். “வாலு, என் புத்தி அப்படியே வந்திருக்குன்னு ஃபோர்மேன்கிட்டல்லாம் போய்ச் சொல்லியிருப்பார்.”

“சொல்ல முடியலையேம்மா.”

“முடியலதான்.”

அம்மா போனை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். எழுந்து போய், கட்டிய பெட்டியைத் திறந்து, நான்கு புடவையையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கட்டில் பக்கம் பழைய இடத்தில் வைத்தாள்.

“டிக்கெட் ரெண்டு எடுத்திருக்கியா?”

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உன் பையை எடுத்து உள்ள வெச்சப்பவே பாத்துட்டேன். ஒண்ணை ரத்து பண்ணு. குளியலறைக்கு அந்த ரப்பர் விரிப்பு வாங்கிப் போடறேன், நீ கவலைப்படாத.”

நோட்டில் கடைசியாக எழுதியிருந்தது அம்மா. போன ஞாயிறு: ‘அரை. ஒன்றும் செய்யவில்லை.’ அதற்குக் கீழே காலிக் கட்டம். நோட்டின் முதுகில் நூலில் கட்டியிருந்த பேனாவை மகள் எடுத்தாள். தேதியைப் போட்டு, அளவு என்ற இடத்தில் அறுபத்தெட்டு என்று எழுதினாள். எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினாள்:

நானே மூடினேன். திறக்க மறந்துவிட்டேன். இன்று திறந்தேன். அப்பா சொன்னது சரி.

கையெழுத்துப் போட்டாள். கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே போயிற்று.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கினாள். விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். கடைசி வரை போய், மறுபடி முதல் கட்டத்துக்கு வந்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நேரம் போடல” என்றாள். “இப்படிக் குடுத்தா அவர் வாங்க மாட்டார்.”

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். பிற்பகல் மூன்று ஐம்பத்தைந்து.